பஞ்சாயத்து ஹாலில் தையல் பயிற்சி: 20 பெடல் மெஷின் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா?

#1 · களத்துமேடு

வணக்கம். வேடசந்தூர் பக்கம் மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒன்று இளம்பெண்களுக்குத் தையல் பயிற்சி தொடங்குகிறது. வயது 18 முதல் 25. பத்தாவதில் தவறியவர்கள், பாதியில் நின்றவர்கள், பிளஸ் டூ முடித்தும் மேலே போக வழியில்லாதவர்கள். பெரும்பாலும் கூலி வேலைக் குடும்பங்கள். பஞ்சாயத்து ஹால் 40க்கு 20 அடி, வாடகை கிடையாது. மூன்று மாதம், தினம் 4 மணி நேரம் என்று திட்டம்.

நன்கொடையாளர் ஒருவர் 20 பெடல் மெஷின் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? மூன்று மாதத்தில் என்ன சொல்லிக்கொடுத்தால் கையில் காசு வரும்? சான்றிதழுக்கு என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · பவர்டேபிள்

மெஷினை அப்புறம் பார்க்கலாங்க. பயிற்சி முடிச்சுட்டு அந்தப் பிள்ளைங்க எங்க போய் உட்காரப் போறாங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. தையல்னு பேரு ஒண்ணா இருந்தாலும் இது மூணு தொழில்.

ஒண்ணு, வீட்டுத் தையல். ஜாக்கெட், சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ். அளவு எடுக்கிறது, வெட்டுறது, தைக்கிறது, கொக்கி வைக்கிறது, பேரம் பேசிக் காசு வாங்குறது எல்லாம் ஒரே ஆள்.

ரெண்டு, எங்க ஊர்ப் பக்கம் பவர்டேபிள்ங்கிறது. வெட்டின துணி கட்டுக்கட்டா வரும், தைச்சுக் கொடுத்தா பீஸ் ரேட். சிங்கர் (நேர்த் தையல் மெஷின்), ஓவர்லாக் (துணி ஓரத்தை வெட்டிக்கிட்டே பின்னித் தைக்கிறது), பேட்லாக் (பனியன் அடி மடிப்பு தைக்கிறது) மூணுல எதுலயும் உட்காரத் தெரியணும். கட்டிங் தெரிய வேண்டியதில்லை.

மூணு, எக்ஸ்போர்ட் கம்பெனி லைன். ஒரே ஆள் நாள் முழுக்க ஷோல்டர் மட்டும் ஜாயின் பண்ணுவாங்க. அங்க பார்க்கிறது வேகமும் ஒரே சீரான தையலும்தான்.

பெரும்பாலான பயிற்சி ஹால்ல என்ன நடக்குது? பெடல் மெஷின்ல உருமால், பாவாடை, ஜட்டி, குழந்தை கவுன்னு வரிசையா ஆளுக்கு ஒண்ணு தைக்க வெச்சு, நோட்டுல ஒட்டி, சான்றிதழ் கொடுத்து அனுப்புறாங்க. அந்தப் பிள்ளை கம்பெனிக்குப் போனா மெஷின் ஓடுற வேகத்துக்கே பயந்து காலை எடுத்துடும். ஊர்ல ஜாக்கெட் தைக்கலாம்னா கை இறங்குற இடத்துல சுருக்கம் விழுது, யாரும் ரெண்டாவது துணி தர மாட்டாங்க. நோட்டு மட்டும் அழகா இருக்கும்.

#3 · பாபின்கேஸ்

பவர்டேபிள் சொல்வது சரி. 20 பெடல் மெஷின் வேண்டாம். கம்பெனி வேலைதான் குறி என்றால் 12 மெஷின் போதும், இரண்டு பேட்ச் வையுங்கள். 7 சிங்கர் (ஒற்றை ஊசி லாக்ஸ்டிச்சை நம் பக்கம் அப்படித்தானே சொல்கிறோம்), 4 நாலு நூல் ஓவர்லாக், 1 பேட்லாக். ஒரு பயிற்றுநர் ஒழுங்காகக் கவனிக்கக்கூடியது 12 முதல் 15 பேர் வரைதான். 20 பேரை உட்காரவைத்தால் கடைசி வரிசை தானாகக் கற்றுக்கொள்ளும், அதுவும் தப்பாகக் கற்றுக்கொள்ளும்.

பழைய மெஷின் வாங்கினால் மோட்டாரைப் பாருங்கள். கிளட்ச் மோட்டார் ஸ்விட்ச் போட்டதுமே முழு வேகத்தில் சுற்றும், கால் அழுத்தம்தான் வேகத்தைப் பிடிக்க வேண்டும். புதுக் காலுக்கு அது வராது. தைக்காமல் சும்மா இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே கரண்டைத் தின்னும். சர்வோ மோட்டாரில் உச்ச வேகத்தைப் பேனலிலேயே குறைத்து வைக்கலாம். முதல் இரண்டு வாரம் நிமிடத்துக்கு 1000 தையலுக்கு மேல் போகாதபடி வையுங்கள். பிறகு 2000, கடைசி மாதம் 3500. பயிற்சி நிலையத்துக்கு இந்த ஒரு வசதிக்காகவே சர்வோவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

மின்சாரம்: ஒரு சர்வோ பொதுவாக 550 வாட். 12 மெஷினுக்கு எழுத்தளவில் 6.6 கிலோவாட். எல்லாம் ஒரே நேரத்தில் அத்தனையும் இழுக்காது, ஆனால் அயர்ன் பாக்ஸும் சேரும். பஞ்சாயத்து ஹாலின் ஒருமுனை இணைப்பை நம்பாதீர்கள், மும்முனை கேட்டு வாங்குங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புப் பெடலில் வெறுங்கால் வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம்.

#4 · ஊசிநூல்

இரண்டு பேரும் கம்பெனிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேசுகிறீர்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண், கைக்குழந்தைக்காரி, "வெளியே அனுப்ப மாட்டோம்" என்கிற வீடு, இவர்களுக்கு லைன் வேலை எதற்கு? வீட்டுத் தையல் இன்றைக்கும் ஓடுகிற தொழில். ஓடாதது அரைகுறைத் தையல்.

வீட்டுத் தையல் என்றால் பன்னிரண்டு வகை உடுப்பு வேண்டாம். ஒரே ஒரு உருப்படி: லைனிங் வைத்த ஜாக்கெட். அதைப் பதினைந்து வெவ்வேறு உடம்புக்குத் தைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் பாடத்திட்டம்.

நம் பக்கம் வாடிக்கையாளர் "அளவு ஜாக்கெட்" கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். டேப் வைத்து உடம்பில் அளவு எடுக்க மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை. அளவு ஜாக்கெட்டை எப்படி அளப்பது என்று தனியாக ஒரு வாரம் வேண்டும். கொக்கியை மாட்டி, தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்க வேண்டும். தோள், கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து, டாட்ஸ் (உடம்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் கூரான மடிப்பு) முனை தோளிலிருந்து எத்தனை அங்குலம், அடிச் சுற்று. பழைய ஜாக்கெட் துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும். அல்லது பக்கத் தையல் ஒன்றைப் பிரித்துவிட்டிருப்பார். "இப்போ இது இறுக்கமா, சரியா?" என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். இதைக் கேட்காமல் தைத்துவிட்டுத் திட்டு வாங்குவதுதான் முதல் வருஷம்.

வழக்கமாகச் சொதப்பும் இடங்கள்:

லைனிங்கை நனைக்காமல் வெட்டுவது. காட்டன் லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும், மேல் துணி சுருங்காது, ஜாக்கெட் முழுக்க உப்பி நிற்கும். ராத்திரியே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் வெட்ட வேண்டும். ஃபால்ஸுக்கும் அதே விதி.

கையை முன்பின் மாற்றி வைப்பது. முன்பக்க வளைவு ஆழமாக இருக்கும், பின்பக்கம் ஆழம் குறைவு. வெட்டிய உடனே முன்பக்கத்தில் சாக்பீஸ் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

டாட்ஸ் முனை. மெஷினில் முன்னும் பின்னும் அடித்து முடித்தால் முனையில் கூர்மையாகக் கொம்பு போல நிற்கும். துணி விளிம்புக்குத் தையல் மெல்ல இழைந்து போய் முடிய வேண்டும். நூலை இரண்டங்குலம் விட்டுக் கையால் முடிச்சுப் போட வேண்டும்.

பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றரை அங்குலத் துணி விட்டு மூன்று வரி அடிக்காமல் விடுவது. பிரசவத்துக்குப் பிறகோ இரண்டு வருஷம் கழித்தோ ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம் என்றால்தான் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

#5 · பவர்டேபிள்

அக்கா சொல்றதுல தப்பே இல்லைங்க. ஆனா பதினைந்து ஜாக்கெட் தைச்சுப் பழக மூணு மாசம், தினம் 4 மணி நேரம் பத்தாதே? அது ஆறு மாச வேலை. தவிர, ஒரே ஊர்ல 20 பேருக்கு ஜாக்கெட் கத்துக்கொடுத்தா அந்த ஊர்ல ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறது யாரு? ஒரு சின்ன ஊருக்கு நாலஞ்சு டெய்லருக்கு மேல தாங்காது.

#6 · ஊசிநூல்

அதை ஒத்துக்கொள்கிறேன். வீட்டுத் தையலுக்கு ஒரு ஊரிலிருந்து இரண்டு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆறு மாதம் என்பதும் சரி. ஆனால் நடுவிலேயே காசு வர வழி இருக்கிறது. முதல் மாத முடிவில் ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் அடிப்பது, நைட்டி பிடிப்பது, பேன்ட் நீளம் குறைப்பது. இதற்கு வெட்டத் தெரிய வேண்டாம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மாதத்தில் இதிலேயே கை ஓயாது.

இன்னொன்று, சமூகநலத் துறையின் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்கள். சத்துணவு சாப்பிடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சீருடை, ஆண்டுக்கு நாலு செட், அவர்கள் மூலமாகத்தான் தைக்கப்படுகிறது. வெட்டிய துணி வீட்டுக்கு வரும், செட் கணக்கில் கூலி. உறுப்பினராகத் தையல் சான்றிதழ் கேட்பார்கள். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கும் சான்றிதழ் வேண்டும். எனவே மெஷினைத் தானமாக வாங்கிக் கொடுப்பதை விட, செல்லுபடியாகிற சான்றிதழைப் பெற்றுத் தருவது சில பேருக்கு அதிக உபயோகம்.

#7 · களத்துமேடு

எல்லோருக்கும் நன்றி. விசாரித்ததில் பெண்களில் பாதிக்கு மேல் "கம்பெனி வேன் வந்தால் போவோம், விடுதியில் தங்க மாட்டோம்" என்கிறார்கள். ஒரு மணி நேர தூரத்துக்குள் பனியன் யூனிட்கள் இருக்கின்றன. எனவே முதல் பேட்ச் கம்பெனி வேலைக்கு என்று வைத்துக்கொள்வோம். 12 வாரத்தை எப்படிப் பிரிப்பது?

#8 · பாபின்கேஸ்

முதல் வாரம் நூலே கிடையாது. பழைய நோட்டுத் தாள், நியூஸ்பேப்பர். ஊசி மட்டும் மாட்டி, தாளில் நேர்கோடு, இணைகோடு, சதுர மூலை, பிறகு வளைவு, கடைசியில் சுருள். ஓட்டை கோட்டின் மேல் விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே மார்க் போட்டுவிடலாம். முன்பாதத்தை அழுத்தினால் ஓடும், குதிகாலை அழுத்தினால் நிற்கும், முழங்காலால் தள்ளினால் பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) தூக்கும். இந்த மூன்றும் யோசிக்காமல் வர வேண்டும். பெடல் மெஷினில் பழகியவர்கள் கையால் சக்கரத்தைத் திருப்பித் தொடங்குவார்கள், நிறுத்தவும் கையையே கொண்டுபோவார்கள். அந்தப் பழக்கத்தை இங்கேயே உடைக்காவிட்டால் பிறகு வேகம் ஏறாது. தாளில் ஓட்டிய ஊசி மழுங்கிவிடும், அதைத் துணிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாம் வாரம்: பாபின் சுற்றுதல், நூல் கோத்தல், ஊசி மாற்றுதல். 30 நொடியில் நூல் கோக்க வேண்டும். கோக்கும்போது பிரஷர் ஃபுட் தூக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் (நூலை இறுக்கிப் பிடிப்பவை) திறந்து நூல் உள்ளே உட்காரும். இறக்கிவைத்துக் கோத்தால் அடியில் முழுக்க வளையம் வளையமாக நூல் தொங்கும். பெண் பாபினைத்தான் குறை சொல்லும்.

மூன்றாம், நான்காம் வாரம்: கெட்டித் துணியில் சிங்கர். இரண்டு மடிப்பு, நாலு மடிப்பு, கால் அங்குல ஓரம். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல்.

ஐந்து முதல் எட்டு வரை ஓவர்லாக், பனியன் துணியில். நாலு கோனிலும் நாலு நிறம் போடுங்கள்: ஊசி நூல் இரண்டும் சிவப்பு, நீலம், மேல் லூப்பர் (நூலை வளைத்துப் பின்னும் கொக்கி) மஞ்சள், கீழ் லூப்பர் பச்சை என்று. தையலில் எந்த நிறம் தளர்ந்திருக்கிறதோ அந்தத் திருகைத் திருப்பினால் போதும் என்று பெண்கள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். வெள்ளையிலேயே நாலும் போட்டுவிட்டு விளக்கினால் மூன்று நாள் ஆகும்.

ஒன்பது, பத்து: பேட்லாக்கில் அடி மடிப்பு. மடிப்பு 2 செ.மீ., உள் விளிம்பு இரண்டு ஊசிக்கும் நடுவே வர வேண்டும். கொஞ்சம் விலகினாலும் உள்ளே வெட்டு விளிம்பு வெளியே எட்டிப்பார்க்கும், ரிஜெக்ட்.

கடைசி இரண்டு வாரம் முழு டீ-ஷர்ட், லைன் போல வரிசையாக உட்காரவைத்து. ஷோல்டர், கழுத்து ரிப், கை, பக்கம், அடி. கட்டு முடிச்சு, டிக்கெட், எண்ணிக்கை எல்லாம் நிஜம் போல.

துணிக்குச் செலவு குறைவுதான். திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும். ஒரு பெண்ணுக்கு 4 முதல் 5 கிலோ வைத்தால் மூன்று மாதம் போகும். சின்னத் துண்டுகளைத் தவிர்த்து, அரை மீட்டருக்கு மேல் உள்ளவையாகப் பொறுக்கி எடுங்கள்.

#9 · பவர்டேபிள்

ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஐந்தாவது வாரத்துல இருந்து ஸ்டாப்வாட்ச். ஒரு வேலைக்கு நிர்ணய நேரம் 0.35 நிமிஷம்னு வெச்சுக்குங்க. 60-ஐ 0.35-ஆல வகுத்தா மணிக்கு 171 பீஸ், அது நூறு சதவீதம். பயிற்சி முடிக்கிற பிள்ளை 60 சதவீதம், அதாவது மணிக்கு 103 பீஸ் கிட்ட வந்தா கம்பெனி சந்தோஷமா எடுத்துக்கும். 30 சதவீதத்துல அனுப்பினா சூப்பர்வைசர் பேச்சுல ரெண்டாவது வாரமே நின்னுடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. தேதி, என்ன வேலை, ஒரு மணிக்கு எத்தனை, எத்தனை பிரிச்சுத் தைச்சது. கம்பெனி வேலைக்கு எடுக்கிறப்ப சான்றிதழை விட இந்த அட்டையைத்தான் பார்க்கும். வேகத்தையும் பிரிப்பையும் சேர்த்தே எழுதுங்க. வேகம் மட்டும் எழுதினா தையல் நாசமாகும்.

#10 · குறுக்குக்கேள்வி

இந்த விவாதம் முழுக்கத் தையல், தையல். பெண் என்றால் ஊசியும் நூலும்தானா? பத்தாவது தேறிய பெண்ணை மூன்று மாத ஹாலில் உட்காரவைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஐடிஐ போக முடியுமா?

தமிழ்நாட்டில் ஐடிஐ சேரப் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. கிண்டி, புள்ளம்பாடி, உங்கள் திண்டுக்கல் என்று பெண்களுக்கென்றே அரசு ஐடிஐக்கள் இருக்கின்றன. மாத உதவித்தொகை உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறது, ஐடிஐக்கும் அது பொருந்தும். உங்கள் மூன்று மாதப் பயிற்சிக்குப் பொருந்தாது. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் மாதிரி இரண்டு வருட டிரேடு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி லைன்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்தான்.

#11 · ஊசிநூல்

கேள்வி நியாயம். ஆனால் எட்டாவதோடு நின்ற பெண்ணுக்கும் ஐடிஐயில் இருக்கும் வழிகளில் ஒன்று தையல் தொழில்நுட்பம், ஒரு வருடம். உங்களுக்குப் பிடிக்காத அதே தையல்தான்! ஊசி நூல் கேவலமில்லை. அதை மூன்று மாதத்தில் அரைகுறையாக முடித்து "தொழிற்கல்வி கொடுத்துவிட்டோம்" என்று போட்டோ எடுப்பதுதான் கேவலம்.

களத்துமேடு, சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: "பத்தாவது தேர்ச்சியா? ஐடிஐ விவரம் சொல்லப்பட்டதா?" போகக்கூடியவர்களை அங்கே அனுப்பிவிடுங்கள், உங்கள் எண்ணிக்கை குறைந்தாலும்.

வீட்டுத் தையல் குழுவுக்கு நீங்கள் தனியாக ஹால் நடத்த வேண்டியதே இல்லை. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன, வங்கிகள் நடத்துபவை. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டிதான் மாதிரி. தங்கலும் சாப்பாடும் இலவசம், தையலுக்கு ஒரு மாதப் பயிற்சி, முடித்த பிறகும் இரண்டு வருடம் கடனுக்கும் தொழிலுக்கும் பின்தொடர்ந்து உதவ வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்த இரண்டு வருடத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

#12 · சம்பளச்சீட்டு

வேலைக்கு அனுப்புவது பற்றி யாரும் பேசவில்லையே. பயிற்சியை விட அதிகமாகக் கெட்டுப்போகும் இடம் அதுதான்.

உங்கள் வட்டாரத்துக்குச் சொல்லவே வேண்டாம். திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்க நூற்பாலைகளில் "மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தத் தொகை, கல்யாணத்துக்கு உதவும்" என்று சுமங்கலி என்ற பெயரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். இடையில் உடம்பு முடியாமல் வந்தால் அந்தத் தொகை போச்சு. இன்றும் வேறு பெயரில் புரோக்கர் வருவார். "கடைசியில் மொத்தமாக" என்ற வார்த்தை காதில் விழுந்தாலே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சம்பளம் மாதாமாதம், பெண்ணின் சொந்தக் கணக்கில். அப்பா கணக்கிலும் வேண்டாம்.

யூனிட்டைப் பார்க்கப் போகும்போது:

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு). மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குப் பிடித்தம் 0.75 சதவீதம்தான், 10,000 ரூபாய்க்கு 75 ரூபாய். முதலாளி பங்கு 3.25. இளம்பெண்களுக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் பேறுகாலத்தில் 26 வாரச் சம்பளம் இதிலிருந்துதான் வரும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாளாவது பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். "ஆறு மாசம் கழிச்சுப் போட்டுடுறோம்" என்கிற யூனிட்டில் அந்த 70 நாள் எப்போது தொடங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிஎஃப்பின் பொது எண்ணான யுஏஎன் ஆயுசுக்கும் ஒன்றுதான். கம்பெனி மாறும்போது புது எண் வாங்கினால் பழைய பணம் தொங்கும். முதல் நாளே ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி அச்சு அசலாகச் சேர்கிறதா பாருங்கள். இன்ஷியல் முன்னால், பின்னால் என்று இருந்தாலே பின்னாளில் அலைச்சல்.

2013 சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாருக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண். உறுப்பினர் பெயரும் போன் நம்பரும் சுவரில் ஒட்டியிருக்கிறதா? அது இல்லாமல் "எங்க கம்பெனியில அப்படி எல்லாம் ஒண்ணும் நடக்காது" என்று சொன்னால் வேறு யூனிட் பாருங்கள்.

விடுதி என்றால் 2014 தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமத்தின் நகலைக் கேளுங்கள். பெண்கள் போன் வைத்துக்கொள்ளலாமா, ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாமா என்பதை வார்டனிடம் கேட்காதீர்கள், அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் பெண்ணிடம் கேளுங்கள்.

#13 · மல்லிகைப்பந்தல்

நடுவில் நிற்பவர்கள் பற்றி. வழக்கமாக மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் நிற்பார்கள். பயிற்றுநர் "ஆர்வம் இல்லை" என்று எழுதிவிடுவார். ஆர்வத்தைப் பார்ப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்.

கழிப்பறை. பஞ்சாயத்து ஹாலில் பெரும்பாலும் பூட்டியிருக்கும், தண்ணீர் வராது. தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் போட மூடிய வாளி. இது தயாராகும் வரை வகுப்பைத் தொடங்காதீர்கள்.

பஸ். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான். உங்கள் ஹாலுக்கு எந்த நேரம் அந்த பஸ் வருகிறது, எந்த நேரம் திரும்புகிறது என்று பார்த்து வகுப்பு நேரத்தை வையுங்கள். வகுப்புக்கு ஏற்ப பஸ் வராது. காலை 10.30 முதல் 2.30 பெரும்பாலும் ஒத்துவரும். நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் வருகை குறையும், அந்த வாரத்தில் புதுப் பாடம் தொடங்க வேண்டாம்.

கண். ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறும் பெண்ணை "கை வரலை" என்பார்கள். கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாத பார்வைக் கோளாறாக இருக்கலாம். முதல் வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்ணையும் இரத்தச் சோகையையும் பார்த்துவிடுங்கள்.

நாற்காலி. பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து குனிந்து தைத்தால் ஒரு வாரத்தில் முதுகு பிடிக்கும். முழங்கை மேஜை உயரத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பலகை வைத்து உயர்த்துங்கள். ஷாலைப் பின்னால் முடிந்து பின் குத்த வேண்டும், ஜடையைக் கொண்டை போட வேண்டும். பெல்ட் மூடி இல்லாத மெஷினில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

#14 · களத்துமேடு

நன்கொடையாளரிடம் பேசியாயிற்று. பெடல் மெஷின் 4 மட்டும் (வீட்டுத் தையலுக்குப் போகிறவர்கள் பழக), மீதிப் பணத்துக்கு சர்வோ சிங்கர் 5, ஓவர்லாக் 3, பேட்லாக் 1 பழையது. மும்முனை இணைப்புக்கு விண்ணப்பித்தாயிற்று. 14 பெண்களில் 3 பேர் பத்தாவது தேறியவர்கள், ஐடிஐ விண்ணப்பத்துக்கு அனுப்பிவைக்கிறோம்.

இப்போது சின்னக் கேள்விகள். பழகிப் பார்க்க ஓட்டியபோது சிங்கரில் பனியன் துணிக்குத் தையல் விட்டு விட்டு விழுகிறது. கெட்டித் துணியில் ஒழுங்காக விழுகிறது. டைமிங் (ஊசியும் கீழே நூலைப் பிடிக்கும் கொக்கியும் சந்திக்கும் நேரம்) போய்விட்டதா, மெக்கானிக் வேண்டுமா? ஓவர்லாக்கில் ஓரம் அலையலையாக வருகிறது. எண்ணெய்க்கு எது?

#15 · பாபின்கேஸ்

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஊசி. கெட்டித் துணியில் ஒழுங்காக விழுந்து பனியனில் மட்டும் விட்டால் பத்துக்கு எட்டு முறை ஊசிதான். பனியனுக்கு உருண்டை முனை ஊசி வேண்டும். கூர் முனை இழையை வெட்டிவிடும், துவைத்த பிறகு தையல் ஓரமாக ஓட்டை ஓட்டையாகத் தெரியும். சிங்கருக்கு டிபி×1, சாதாரண பனியனுக்கு 11-ம் நம்பர். மாட்டும்போது நீளப் பள்ளம் உங்கள் இடப்பக்கம், கண்ணுக்கு மேல் உள்ள குழிவு வலப்பக்கம் பார்க்க வேண்டும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் தையல் விடும். ஊசியை முழுக்க மேலே தள்ளிவிட்டுத்தான் திருகை இறுக்க வேண்டும். இதன் பிறகும் விட்டால் மட்டும் டைமிங்.

பாபின் கேஸைச் சோதிக்க: நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் ஓரங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று இறங்கினால் திருகு தளர்வு, அசையாவிட்டால் இறுக்கம். கீழ் நூலைச் சரிசெய்த பிறகுதான் மேல் டென்ஷனைத் தொட வேண்டும்.

ஓவர்லாக்கில் அலை: பெண்கள் துணியை இழுத்துப் பிடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கையை எடுத்துவிட்டும் அலை வந்தால் டிஃபரன்ஷியல் ஃபீடை (துணியைத் தள்ளும் முன், பின் பற்களின் வேக வித்தியாசம்) கொஞ்சம் ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் சுருக்கம் விழும். பிரஷர் ஃபுட் அழுத்தம் அதிகமானாலும் அலை வரும்.

எண்ணெய் வெள்ளை மெஷின் ஆயில் மட்டும். பெடல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், சில வாரத்தில் பிசினாகி மெஷின் கல்லாகிவிடும். சிங்கரின் எண்ணெய்த் தொட்டியில் இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்க வேண்டும். மேலே உள்ள கண்ணாடியில், ஓடும்போது எண்ணெய் தெறிப்பது தெரிகிறதா என்று தினம் காலையில் பாருங்கள். எண்ணெய் விட்ட அன்று முதல் பத்து நிமிடம் வேஸ்ட் துணியில் ஓட்டுங்கள், கறை அதில் போகட்டும்.

#16 · களத்துமேடு

ஊசியேதான்! 14-ம் நம்பர் கூர் முனை இருந்தது. மாற்றியதும் சரி. ஓவர்லாக்குக்கு எந்த ஊசி? எத்தனை வாங்கி வைப்பது?

#17 · பவர்டேபிள்

ஓவர்லாக்குக்குப் பெரும்பாலும் டிசி×27, சில மெஷின்ல வேற வரும், மெஷின் தகட்டைப் பார்த்து வாங்குங்க. குழிவு பின்பக்கம் பார்க்கணும், சிங்கர் மாதிரி பக்கவாட்டுல இல்லை. பேட்லாக்குக்கு யுவை128. புதுக் கைக்கு ஊசி நிறைய உடையும். மெஷினுக்குப் பத்து ஊசி இருக்கிற பாக்கெட் ரெண்டு வெச்சுட்டு ஆரம்பிங்க.

ஊசி டப்பாவைப் பிள்ளைங்க கையில கொடுக்காதீங்க. எக்ஸ்போர்ட் யூனிட்ல உடைஞ்ச ஊசியோட எல்லாத் துண்டையும் கொண்டுவந்து கொடுத்தாத்தான் புது ஊசி. துண்டுகளைச் சேர்த்து வெச்சு முழு ஊசி நீளம் வருதான்னு பார்த்து, ரிஜிஸ்டர்ல செலோடேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், கையெழுத்து. ஒரு துண்டு குறைஞ்சாலும் அந்த மெஷின் நிக்கும். அதுல இருந்த துணி, சுத்தி உள்ள பீஸ் எல்லாம் தனியா எடுத்துக் காந்தம் வெச்சுத் தேடுவாங்க, குழந்தை டிரெஸ்ஸா இருந்தா இன்னும் கெடுபிடி. உங்க ஹால்லயும் அதே மாதிரி ஒரு நோட்டு போட்டுருங்க. அறுபது ரூபா நோட்டும் ஒரு காந்தமும் போதும்.

#18 · களத்துமேடு

இன்றைக்கே வாங்கிவிடுகிறோம். காகிதப் பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது. கழிப்பறைக் குழாய் நாளைக்கு வருகிறது என்று பிளம்பர் சொல்கிறார்.

#19 · மல்லிகைப்பந்தல்

குழாய் வந்து தண்ணீர் ஓடிய பிறகு தொடங்குங்கள். திங்கள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.